இரு வீட்டுக் கிணறு

ஆகஸ்டு 4, ஞாயிறு

இன்று எங்கள் தெருவில் மணல் அள்ள ஆள் வந்தார்கள். கூலிக்கு இல்லை, சும்மா. தூத்துக்குடியில் கட்டிடப் படிப்பு சொல்லிக்கொடுக்கும் சங்கரகோமதி என்கிற டீச்சர், தன் கல்லூரிப் பிள்ளைகளை ஒரு வேன் நிறைய ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் சிலுவைத்துறை பழமையான ஊராம். கடல்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தெரு இந்தக் கரையில் இப்படி முழுசாக வேறெங்கும் நிற்கவில்லையாம். காற்றில் பறந்து வரும் தேரி மணல் மூடுவதற்குள் மீட்டு, மறுபடி ஆள் குடியிருக்கிற ஊராக ஆக்கவேண்டுமாம். இனி சனி, ஞாயிறு லீவில் வருவார்களாம்.

"ஆளு எங்க இருந்து டீச்சர் வரும்? அதையும் மணலுக்குள்ள இருந்து தோண்டுவியளா?" என்று கேட்டேன்.

"நீங்க இருக்கீங்களே அண்ணாச்சி, உங்கள என்ன தோண்டியா எடுத்தோம்?" என்றார். எனக்குச் சரியான ஆள்தான்.

பெரிய தெருவில் இப்போது குடியிருப்பது நான், ஆடு வளர்க்கும் ரோக்கு, காது கேளாத இரண்டு கிழவர்கள். மற்ற வீடெல்லாம் பூட்டு. சென்னை, பம்பாய், தூத்துக்குடி என்று போனவர்கள் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். டிசம்பரில் சவேரியார் திருவிழாவுக்கு வந்து, பத்து நாள் திறந்து, திரும்பப் பூட்டிவிட்டுப் போவார்கள். என் வீட்டுக்காரி தெக்லாவும் தூத்துக்குடியில்தான். மகள் ஜோஸ்லின் படிப்புக்காகப் போனாள். படிப்பு முடிந்து ஜோஸ்லின் ஆஸ்பத்திரியில் வேலைக்கும் போய்விட்டாள். இவள் இன்னும் அங்கேயே இருக்கிறாள். நானும் கூப்பிடவில்லை. எனக்கு இங்கே வேலை கிடக்கிறது.

இந்த டைரி ஐஸ் கம்பெனிக்காரன் கொடுத்தது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. பேச ஆள் இல்லாமல் எழுதுகிறேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். சும்மா கிடந்தது, எழுதுகிறேன்.

ஆகஸ்டு 5, திங்கள்

முதுகு பிடித்துக்கொண்டது. டீச்சரிடம் சொல்லப்போவதில்லை.

ஆகஸ்டு 11, ஞாயிறு

சுண்ணாம்பு அரைத்தோம். கடுக்காய் ஊறிய தண்ணீர், கருப்பட்டிப் பாகு, சலித்த மணல், நீற்றிய சுண்ணாம்பு. கருப்பட்டியைப் பார்த்த பிள்ளைகள் ஆளுக்கொரு துண்டு வாயில் போட்டுக்கொண்டார்கள். "சுவத்துக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க, அதுவும் காலையில ஒண்ணும் சாப்பிடல" என்றேன். ஒரு பையன் உண்மையிலேயே துப்பிவிட்டுத் திரும்பப் போட வந்தான். அவனை ரோக்குவோடு ஆடு மேய்க்க அனுப்பிவிடலாம் என்று டீச்சரிடம் சிபாரிசு செய்தேன்.

ஏழு மணிக்கு வழக்கம்போல் தெக்லா போன் பேசினாள்.

"என்ன சாப்ட்டிய?"

"சுண்ணாம்பு."

"கொழுப்பப் பாரு. தெரு நல்லா ஆயிட்டுன்னு ஜோஸ்லின் போன்ல படம் காட்டுனா."

"நீ வந்து பாக்கிறது."

"வந்து? அந்தத் தெருவுல நான் யார்கிட்ட பேச? உங்க ரோக்குகிட்டயா, அவர் ஆட்டுக்கிட்டயா? பேச்சுத்துணைக்கு ஒரு பொம்பள இருக்கட்டும், மறுநாளே வாரேன். இல்லன்னா திருவிழாவுக்கு வந்துட்டு வண்டியேற வேண்டியதுதான்."

நான் எப்போது அவளை வா என்றேன்? அவளாகவே சொல்கிறாள். ஆனால் யோசித்துப் பார்த்தால், ஒரு பழமையான ஊர் என்றால் அதில் பெண்பிள்ளைகள் இருக்கவேண்டும்தான். டீச்சரும் அதைத்தான் சொல்கிறார். ஊர் நன்மைக்காக நான் இதில் கொஞ்சம் அக்கறை எடுக்கலாம் என்று இருக்கிறேன்.

ஆகஸ்டு 25, ஞாயிறு

என் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே கிணறு. நடுவில் மதில் சுவர் கிணற்றின் மேலேயே போகிறது. பாதி வாய் எங்களுக்கு, பாதி வாய் அவர்களுக்கு. அந்தப் பக்கம் ஒரு கப்பி, இந்தப் பக்கம் ஒரு கப்பி. இறைப்பவர் முகம் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். எங்கள் தெருவில் பாதி வீடு இப்படித்தான். டீச்சர் அதைப் பார்த்துவிட்டுச் சுற்றிச் சுற்றி வந்தார். கல்யாணப் பெண்ணைக்கூட யாரும் அத்தனை படம் பிடித்திருக்கமாட்டார்கள்.

மணலால் தூர்ந்து கிடந்ததைச் சாயங்காலம் வரை தூர்வாரினோம். பழைய வாளிகள், ஒரு செருப்பு, ஒரு தவளைக் குடும்பம் எல்லாம் மேலே வந்தன. கடைசியில் தண்ணீர் சுரந்தது. ஆளாளுக்கு ஒரு வாய் குடித்தோம், நல்ல தண்ணீர். இவ்வளவு நல்ல தண்ணீர் வீட்டுக்குள்ளேயே இருக்க, தூத்துக்குடியில் குடத்தோடு வரிசையில் நிற்கிறவர்களை என்ன சொல்வது. நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை.

சாமிநாதபுரத்து ஆசாரியிடம் சொல்லி அடுப்படிக்குப் புதிதாக ஒரு அலமாரி செய்திருக்கிறேன். ஐந்தடி ஆள் எட்டி எடுக்கிற உயரம். நான் ஐந்தே முக்கால். ஆசாரி கேட்டார். குனிந்து எடுப்பது முதுகுக்கு நல்லது என்றேன்.

ஆகஸ்டு 29, வியாழன்

திருச்செந்தூரில் இருக்கிற சபீனாவுக்குப் போன் போட்டேன். சாதுவான பெண், தெக்லாவோடு ஒன்றாகப் படித்தவள். பையன் வளர்ந்துவிட்டான், ஊரில் வந்து இருக்க ஆசைதான் என்றாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வா, எல்லோர் முன்னாலும் சொல்லிவிடலாம் என்றேன். சரி என்றாள். காரியம் முடிந்தமாதிரிதான்.

செப்டம்பர் 1, ஞாயிறு

காரியம் கெட்டது.

மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும்தான் எங்கள் கோவிலில் பூசை. தெருவைச் சுத்தம் செய்தது தெரிந்து வெளியூரிலிருந்து நிறையப் பேர் வந்திருந்தார்கள். பூசை முடிந்ததும் டீச்சர் பேசினார்: வீடு மட்டும் நின்றால் போதாது, உள்ளே அடுப்பு எரியவேண்டும், யாராவது ஒருவர் முதலில் வாருங்கள் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் கொடிமரத்தடியில் போய் நின்றேன். எங்கள் ஊரில் கல்யாணப் பேச்சு, வள்ளத்துப் பங்கு, சண்டைச் சமாதானம் எல்லாம் அங்கே நின்றுதான் பேசுவோம். அங்கே நின்று சொன்ன சொல்லைத் திருப்பி வாங்க முடியாது.

"முதல்ல குடிவாற பொம்பளைக்கு, வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிச்சு, ஓடு மாத்தி, அடுத்த ஆடி வரைக்கும் தண்ணி இறைச்சும் குடுப்பான் இந்தக் கஸ்பார். இது கொடிமரத்துச் சொல்லு" என்றேன். சபீனாவைப் பார்த்தேன். சபீனா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல், "அப்ப நான் வாரேன்."

எமரென்சி மைனி. என் பெரியப்பா மகன் பெண்டாட்டி. அண்ணன் இறந்தபின் பம்பாயில் மகனோடு பதினான்காவது மாடியில் இருந்தவள். அண்ணன் நினைவுப் பூசைக்கு வந்திருக்கிறாள். அவள் வீடு எது என்றால், என் பக்கத்து வீடு. அந்தக் கிணற்றின் மறு பாதி.

இதை நான் விளக்கி எழுதவேண்டும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் திருவிழாவுக்கு ஆயர் வந்தபோது எங்கள் வீட்டில் சாப்பாடு. தெக்லா சீலா மீன் குழம்பு வைத்திருந்தாள். ஆயர் நன்றாயிருக்கிறது என்றார். பந்தி பரிமாறிக்கொண்டிருந்த எமரென்சி மைனி, "புளி மட்டும் ஒரு கை கூடிப்போச்சு" என்றாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுக் கிடையாது. அதாவது நேரில் பேச்சுக் கிடையாது. கிணற்றடியில் நின்று சுவரைப் பார்த்துப் பேசுவார்கள். "சில பேருக்கு வாளிய மெதுவா எறக்கத் தெரியாது" என்று இவள் சுவரிடம் சொல்வாள். "சில பேருக்குச் சமைக்கவே தெரியாது" என்று அவள் சுவரிடம் சொல்வாள். பாவம், சுவர்.

பேச்சுத்துணைக்கு ஒரு பெண்பிள்ளை கேட்டாள். கொண்டுவந்துவிட்டேன்.

செப்டம்பர் 2, திங்கள்

சபீனா போன் செய்தாள். அவள் சொல்ல வந்தது, மகன் வேண்டாம் என்கிறான், வரமுடியாது என்பதையாம்.

செப்டம்பர் 22, ஞாயிறு

மைனி வந்து இறங்கினாள். பிள்ளைகள் அவள் வீட்டுச் சுவரில் இருந்த சிமெண்டைச் சுரண்டி, சுண்ணாம்பு பூசி, வெள்ளை அடித்து, முட்டை ஓடு மாதிரி ஆக்கி வைத்திருக்கிறார்கள். ஓடு மாற்றியது நான். டீச்சர் கண்ணில் தண்ணீர். இந்தத் திட்டத்தில் முதல் குடித்தனம் அல்லவா.

மைனி வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏல கஸ்பாரு, மணலுக்குள்ள கெடந்தப்போ நல்லாருந்துச்சு" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

டீச்சர் அவளிடம், "அம்மா, தண்ணி இறைக்கச் சிரமமா இருந்தா சின்ன மோட்டார் வச்சுக்கலாம். கிணத்துக்கு ஒண்ணும் ஆகாம நான் வரைஞ்சு தாரேன்" என்றார்.

"மோட்டாரா? வேண்டாம்மா. மோட்டார் போட்டா அடுத்த பக்கம் ஆளு இருக்கா இல்லையான்னே தெரியாது" என்றாள். எப்படியும் இறைக்கப்போவது நான். அவளுக்கு என்ன.

பிறகு என்னிடம், "தெக்லா எப்ப வாரா?" என்றாள்.

"எதுக்கு மைனி?"

"சும்மா. தயாரா இருக்கணும்லா."

செப்டம்பர் 30, திங்கள்

தெக்லாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று இல்லை. சந்தர்ப்பம் அமையவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

மணல் திரும்ப வராமல் தெருக்கோடியில் பனையோலைத் தட்டி கட்டினோம். தட்டிக்கு வெளியே தாழை நட்டோம். ரோக்குவின் ஆடு இரண்டைத் தின்றுவிட்டது. டீச்சர் ரோக்குவைக் கண்டித்தார். ரோக்கு ஆட்டைக் கண்டித்தான். ஆடு என்னைப் பார்த்தது.

மைனி எல்லோருக்கும் சோறு போட்டாள். சீலா மீன் குழம்பு. ஒரு வாய் வைத்துவிட்டு நான் இலையைப் பார்த்தேன். "என்ன கொழுந்தா, சொல்லு" என்றாள். நன்றாயிருக்கிறது என்றேன். "உன் பெண்டாட்டி வைக்கிறமாதிரி இருக்கா?" என்றாள். இதற்கு ஆண்பிள்ளை எவனும் பதில் சொல்லமாட்டான். தண்ணீர் குடித்தேன்.

எழுதுவதால் எழுதுகிறேன்: அதேமாதிரிதான் இருந்தது. புளி உட்பட.

அக்டோபர் 17, வியாழன்

"பக்கத்து வீட்டுல வெளிச்சம் தெரியுதாமே, மீன்காரி சொன்னா" என்றாள் தெக்லா போனில்.

"காலேஜ் பிள்ளைக தங்கியிருக்கு."

"வியாழக்கிழமையா?"

"வியாழக்கிழமையும் படிக்குதுக."

பொய் சொல்வது எனக்குப் பழக்கமில்லை. வேடிக்கை பேசுவதுதான் பழக்கம். இரண்டும் ஒன்றல்ல என்று இன்றுதான் தெரிந்தது. தூக்கம் வரவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

மாட்டிக்கொண்டேன். ஏழு மணிக்கு முற்றத்தில் நின்று தெக்லாவோடு பேசிக்கொண்டிருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் கப்பி கிறீச்சென்றது. அடுத்து மைனியின் குரல், வேண்டுமென்றே உரக்க, "கொழுந்தா, காலையில இறைச்ச தண்ணி தீந்துட்டு. ஒரு நாலு வாளி ஊத்திட்டுப் போ."

போனைக் கையால் பொத்தினேன். அதற்குள் கேட்டுவிட்டது.

"அது எமரென்சி குரல்" என்றாள் தெக்லா.

"ஆமா."

"நீங்க அவளுக்குத் தண்ணி இறைக்குதிய."

"அது கொடிமரத்துச் சொல்லு, தெக்லா. நான் சபீனாவுக்காகத்தான்..."

"சபீனாவுக்காகவா?"

நான் மேலே பேசப்பேசக் குழி ஆழமாகிக்கொண்டே போனது. கடைசியில் அவள், "சரி. திருவிழாவுக்கு வாரேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கவில்லை.

நவம்பர் 3, ஞாயிறு

மழை. பூசிய சுவர் ஒன்றும் கரையவில்லை. டீச்சர் ஒவ்வொரு சுவரையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே குடையில்லாமல் நடந்தார். "காய்ச்சல் வந்தா எங்க ஊருல நர்சு கிடையாது, ரோக்குதான் ஆட்டுக்குப் போடுற ஊசி வச்சிருக்கான்" என்றேன். உள்ளே வந்துவிட்டார்.

இரண்டு வாரமாகத் தெக்லா போன் சுருக்கம். சாப்பிட்டாச்சா, ஆச்சு, வைக்கிறேன்.

டீச்சர் கேட்டார், "ஏன் அண்ணாச்சி, வாய் கொஞ்சம் ஓய்ஞ்சிருக்கு?"

"மழை பெய்யுதுல்லா" என்றேன்.

நவம்பர் 23, சனி

தெக்லாவும் ஜோஸ்லினும் வந்தார்கள். நாளை கொடியேற்றம். தெக்லா கையில் ஒரு சின்னப் பை மட்டும். பத்து நாளைக்கு உண்டானது.

அவள் வந்த நேரத்தில் நான் மைனி வீட்டு முற்றத்தில் இறைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் வந்து நின்றாள்.

"யாருக்கு இறைக்குதிய?"

"கொடிமரத்துக்கு" என்றேன்.

சிரிப்பு வந்தது அவளுக்கு. வாயை இறுக்கிக்கொண்டாள். எனக்குத் தெரியாதா.

வீட்டுக்குள் எல்லாவற்றையும் பார்த்தாள். வெள்ளைச் சுவர், மாற்றிய ஓடு, புதுக் கதவு. அடுப்படியில் அலமாரியை எட்டித் தொட்டுப் பார்த்தாள். கை சரியாக எட்டியது.

நவம்பர் 24, ஞாயிறு

கொடி ஏறிவிட்டது. பூட்டு எல்லாம் திறந்துவிட்டன. சாவி கொடுத்துக் கொடுத்து என் கை தேய்ந்தது. காலையில் ஐந்து மணிக்கே கிணற்றடியில் ஆரம்பித்துவிட்டார்கள்.

தெக்லா சுவரிடம்: "பம்பாய்க்குப் போனா சில பேருக்கு நாகரிகம் வரும்னு நெனச்சேன்."

மைனி சுவரிடம்: "தூத்துக்குடிக்குப் போயும் சில பேருக்குக் கயிறு சுருட்டத் தெரியல."

பிள்ளைகள் பூசிய சுண்ணாம்பு இவர்கள் வாய்ச்சூட்டில் உரிந்துவிடும் என்று பயந்தேன். ஜோஸ்லின் காதைப் பொத்திக்கொண்டு, "அப்பா, இதுக்கா இந்த ஊரைக் காப்பாத்துனீங்க?" என்றாள்.

டிசம்பர் 3, செவ்வாய்

சப்பரம் பெரிய தெருவைச் சுற்றி வந்தது. மணல் ஏறிய இத்தனை வருஷமும் பாதித் தெருவோடு திரும்பிவிடும். இந்த வருஷம் கடைசி வீடு வரை போனது. டீச்சரின் பிள்ளைகளும் தோள் கொடுத்தார்கள். கருப்பட்டி துப்பிய பையன்தான் முன்கம்பு. சென்னை மச்சாது குடும்பம் தை மாதம் வந்து தங்கப் பார்க்கிறோம் என்றது. கோடி வீட்டை டீச்சர் தன் மாணவர்கள் தங்கிப் படிக்கக் கேட்டிருக்கிறார். இனி உண்மையாகவே வியாழக்கிழமையும் பிள்ளைகள் இருப்பார்கள்.

எல்லோரும் சந்தோஷம். எனக்கும்தான். நாளைக்கு வண்டி வருகிறது.

டிசம்பர் 4, புதன்

காலையிலிருந்து ஒவ்வொரு வண்டியாகப் போனது. ஒவ்வொருவராகச் சாவியைக் கையில் வைத்துவிட்டுப் போனார்கள். ஜோஸ்லின் பிடித்த கார் பத்து மணிக்கு வந்தது.

தெக்லா பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். இந்தப் பத்து நாளில் அவள் போவதைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் பேசவில்லை. போகிறாயா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாள் அல்லவா. அதனால் நான் டிரைவரிடம், "பாத்து ஓட்டு, உள்ள இருக்கிறது உடையாது, நீதான் உடைவ" என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன்.

கார்க் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தாள்.

மைனி தன் வாசலில் நின்றிருந்தாள். காலையிலிருந்து அங்கேதான் நின்றாள், பெருக்கிய இடத்தையே திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொண்டு. பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சுவரை விட்டுவிட்டுத் தெக்லாவின் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"போயிட்டு வா தெக்லா. ஒண்ணும் கவலைப்படாத. கிணத்த நான் பாத்துக்கிடுதேன். உன் அடுப்படியையும் நான் பாத்துக்கிடுதேன். கொழுந்தனுக்கு மூணு வேளையும் எங்கிட்டதான் சோறு."

தெக்லா காரில் வைத்த காலை எடுத்து வெளியே வைத்தாள்.

"ஜோஸ்லின், நீ போ."

"அம்மா?"

"போன்னு சொல்லுதேன்லா. என் சாமான எல்லாம் சனிக்கிழமை டீச்சர் வேன்ல ஏத்தி விடு. இவ பாத்துக்கிடுவாளாம்ல, என் அடுப்படிய."

விடுவிடுவென்று வீட்டுக்குள் போய்விட்டாள். நான் வாசலில் நின்றேன். மைனி விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தூசி கண்ணில் விழுந்துவிட்டதாம். பெருக்கிப் பெருக்கித் தரை கண்ணாடி மாதிரி கிடக்கிறது, தூசி எங்கிருந்து வந்ததோ.

மத்தியானம் சாப்பிட்டது வீட்டில்.

டிசம்பர் 7, சனி

டீச்சர் வேனில் சாமான் வந்தது. தையல் மெஷின், இரும்பு பீரோ, நான்கு தொட்டிச் செடி. பிள்ளைகள் கோடி வீட்டு ஓடுகளைப் பிரிக்கப் போய்விட்டதால் பீரோவை நான் ஒருவனே இறக்கப் பார்த்தேன். வாசற்படியில் குறுக்கே சிக்கிக்கொண்டது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. நான் பீரோவுக்கும் நிலைக்கும் நடுவில்.

உள்ளே இருந்து தெக்லா ஒரு முனையைப் பிடித்தாள். மறுமுனையில் யாரோ தூக்குகிறார்கள் என்று பார்த்தால், மைனி. யாரும் கூப்பிடவில்லை.

"சாய்க்காதிய, சாய்க்காதிய" என்றாள் தெக்லா.

"நேரா தூக்குல, கோணலா தூக்குதான் பாரு" என்றாள் மைனி.

"இந்த மனுசனுக்கு எப்பவுமே இப்படித்தான்" என்று தெக்லா பீரோவுக்கு மேலாக மைனியைப் பார்த்துச் சொன்னாள்.

"அவன் அண்ணனும் இப்படித்தான். ஒரு சாமான் ஒழுங்கா தூக்கத் தெரியாது. நீ அந்தப் பக்கம் கொஞ்சம் எறக்கு."

இறக்கினாள். பீரோ உள்ளே போய்விட்டது. அதை எந்த மூலையில் வைப்பது என்று உடனே அடுத்த சண்டை தொடங்கியது. பன்னிரண்டு வருஷத்தில் இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் நான் உபயோகமில்லாதவன் என்பது. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. நான் வாசலிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.